பானெட்டுக்குள் ஒரு கீறல்



சென்ற மார்கழியில் எங்கள் பழைய டீசல் ஜீப்பில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். கெங்குவார்பட்டியில் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தினோம். மலையேறுமுன் எண்ணெயும் தண்ணீரும் பார்த்துக்கொள்வது என் தந்தையார் காலத்திலிருந்து வரும் பழக்கம். பானெட்டைத் தூக்கினேன். அதன் உட்புறத்தில் விரல் நீளத்திற்கு ஒரு கீறல் தென்பட்டது. பெயின்ட் உதிர்ந்து தகரம் பளபளத்தது. கீறலின் முனையில் மிளகளவு ஒரு கரும்புள்ளி. அதற்கு நேர் கீழே, பத்து நாளைக்கு முன் வாங்கிப் போட்ட புதுப் பாட்டரியின் பிளஸ் முனை நின்றது.

வாங்கிய அன்று நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழக்கமான அளவு கையிருப்பில் இல்லையென்று கடைக்காரர் சற்றே உயரமான பாட்டரி ஒன்றைக் கொடுத்தார். பழைய பிடிச்சட்டத்தின் கொக்கிக் கம்பிகள் எட்டவில்லை. சட்டத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, ஆட்டத்தை நிறுத்தப் பாட்டரியின் அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகி, மேலே சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினார்கள். செல்ஃப் உடனே எடுத்தது. மனநிறைவோடு வீடு திரும்பினேன். குற்றத்தில் பாதி என்னுடையதே.

தேநீர்க் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய எலக்ட்ரிக்கல் பட்டறை. அங்கிருந்த இளைஞர் வந்து பாட்டரியை ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். அது இரண்டங்குலம் நகர்ந்து திரும்பியது. “ஐயா, இதைக் கட்டியிருக்கிறார்களே தவிர, பிடிக்கவில்லை” என்றார்.

கட்டுவதற்கும் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. டியூபும் கயிறும் நீளும். டீசல் வண்டிப் பாட்டரி பதினைந்து கிலோவுக்கு மேல் எடையுள்ளது. பள்ளத்தில் சக்கரம் விழும்போது அத்தனை எடையும் மேலே எழும்பி, மீண்டும் தட்டில் மோதுகிறது. உள்ளே இருப்பவை ஈயத் தகடுகள். அவற்றின்மேல் பசைபோல் அப்பியுள்ள பொருள்தான் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பது. குலுக்கலில் அது உதிர்ந்து அடியில் வண்டலாகப் படிகிறது. வண்டல் உயர்ந்து தகடுகளைத் தொட்டால் அந்த அறை செத்துவிடும். மொத்தம் ஆறு அறைகள். ஒன்று போனாலும் பாட்டரி போயிற்று. “கம்பெனி சரியில்லை” என்று நாம் திட்டித் தீர்க்கும் பாட்டரிகளில் சில இப்படி ஆடியே அழிந்தவை.

பணம் போவது இருக்கட்டும். வண்டியின் உடல் முழுவதும் மைனஸோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பிளஸ் முனை பானெட்டை அழுத்தித் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரே பாய்ச்சலாகப் பாயும்; தகரம் சிவக்கும், வயர் உறை எரியும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். அதற்கு ஒரு பொறி போதும். நாங்கள் கண்ட கரும்புள்ளி அத்தகைய ஒரு பொறியின் தடம்தான். ஒரு கணம் மட்டுமே தொட்டு விலகியதால் பிழைத்தோம்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்தில் டெர்மினல் கழன்றுவிட்டால், ஓடும் டைனமோவின் மின்னழுத்தம் திடீரென எகிறி விளக்குகளைச் சுட்டுவிடலாம். பழைய டீசல் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும், முன்விளக்குதான் இராது. கொண்டை ஊசி வளைவில், மார்கழிப் பனியில், பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்குகையில் அப்படி நேர்வதை எண்ணிப் பாருங்கள். கெங்குவார்பட்டிக்கு அருகே காட்ரோடு பிரிவிலிருந்து கொடைக்கானல்வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கொடைக்கானலின் உயரமோ கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டரளவு. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்தச் சாலை வருமுன் மக்கள் நடந்தும் டோலியிலும் ஏறினார்கள். 1912இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின், கைப்பிடி சுற்றும் தொல்லை மெல்லமெல்ல மறைந்தது. அன்றுமுதல் இந்தக் கனத்த பெட்டி நம்மோடு மலையேறுகிறது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் பானெட்டை ஒருநாள் திறந்து பார்க்க வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை.

இளைஞர் வேலை செய்த முறையைச் சொல்லியாக வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார். முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ். முதலில் பிளஸைத் தொட்டால், ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் உடலில் பட்டதும் பொறி பறக்கும். மைனஸ் கழன்றபின் அந்த அச்சமில்லை. பாட்டரியைத் தூக்கி வெளியே வைத்தார். பலகைத் துண்டு ஆசிட் குடித்துக் கறுத்திருந்தது, எறிந்தார். தட்டில் படிந்த வெண்பொடியை ஆப்பச் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, தடித்த ரப்பர் விரிப்பொன்றை வெட்டிப் போட்டார். பலகை போனதுமே பாட்டரி ஒரு விரற்கடை தாழ்ந்தது.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. களிமண் உருண்டை ஒன்றைப் பிளஸ் முனைமேல் வைத்துப் பானெட்டை மூடித் திறந்தார். உருண்டை நசுங்கவில்லை. இடைவெளி போதும் என்பதற்கு அதுவே சான்று. நசுங்கித் தகடாகியிருந்தால் அந்தப் பாட்டரி அந்த வண்டிக்கு ஆகாது. திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

லேத்துப் பட்டறையில் இரண்டு நீளமான கம்பிகளுக்கு ஒரு முனையில் மரை வெட்டி, மறுமுனையைக் கொக்கியாக வளைத்து வாங்கி வந்தார். மேற்சட்டத்திற்கு இரும்பு ஆங்கிள். நம்மைக் கட்டிக்காத்ததாக நம்பியிருந்த அதே சைக்கிள் டியூபை வெட்டி, அந்தச் சட்டத்திற்கு உறையாக மாட்டினார்! இரும்பு முனையில் உரசாதிருக்க அது உதவிற்று. நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கினார். பாட்டரியைத் தள்ளினால் வண்டி ஆட வேண்டும், பாட்டரி ஆடக்கூடாது. அதற்குமேல் இறுக்கினால் பெட்டி விரிசல் காணும். பின்பு பிளஸ், கடைசியில் மைனஸ். பிளஸ்ஸின்மேல் ஒரு ரப்பர் மூடி.

கடையில் மாற்றுப் பாட்டரி கேட்போர் ஆம்பியர் மட்டும் கேட்பது போதாது. ஜப்பானிய அளவுப் பாட்டரிகளை மேற்சட்டம் பிடிக்கும். டின் எனப்படும் ஐரோப்பிய அளவின் அடிவிளிம்பை ஒரு கட்டை அழுத்திப் பிடிக்கும். அந்த விளிம்பில்லாத பாட்டரியை அத்தட்டில் வைத்தால் கட்டைக்கு வேலையில்லை. நமக்கு நேர்ந்ததற்கு மாறாகக் குட்டையான பாட்டரி வந்தாலும் சட்டம் தொங்கி நிற்கும். பிளஸ் வலமா இடமா என்பதையும் பாருங்கள். மாறியிருந்தால் வயரை இழுத்துப் பிடிக்க நேரும். முனை மெலிந்திருந்தால் கிளாம்ப்புக்குள் ஆணி அடிப்பவர்களும் உளர். அதற்கென விற்கும் ஈய வளையத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய பாட்டரியைக் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். ஈயமும் ஆசிடும் வீட்டுக் கொல்லையில் கிடக்கலாகாது.

கெங்குவார்பட்டியில் எங்களுக்கு மூன்று மணி நேரம் கழிந்தது. பிள்ளைகள் முணுமுணுத்தனர். புறப்படும்போது அந்த இளைஞர், “ரப்பர் அமுங்கும், ஐயா, இறங்கி வரும்போது நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மறுநாள் மாலை அதே தேநீர்க் கடையில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நட்டுகளும் கால் சுற்று இறங்கின.