விட்டா அவுட் இல்ல பாஸ்!

இன்னைக்கு ஒரு சின்ன கிரிக்கெட் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய போற பந்தை பேட்ஸ்மேன் தொடாம விட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. கீப்பர் பிடிப்பார், அடுத்த பந்து வரும்.

பேஸ்பால்ல அப்படி இல்ல. அடிக்கக்கூடிய எல்லைக்குள்ள வர்ற பந்தை மூணு தடவை விட்டா, மட்டையை அசைக்காமலே அவுட். அமெரிக்காவுல டெட் வில்லியம்ஸ்னு ஒரு பெரிய ஆட்டக்காரர் இருந்தார். அந்த எல்லையை 77 கட்டங்களா பிரிச்சு வச்சிருந்தார். தனக்குத் தோதான கட்டத்துல வர்ற பந்தை மட்டும் அடிச்சா சராசரி .400. கீழ் மூலையில வர்றதைத் துரத்தினா .230. வாரன் பஃபெட் 1997-ஆம் ஆண்டுக்கான தன் கடிதத்துல இதைச் சொல்லிட்டு, முதலீட்டுல நமக்கு இன்னொரு வசதி இருக்குன்னார். எத்தனை பந்தை விட்டாலும் யாரும் நம்மை அவுட் ஆக்க முடியாது.

இவ்வளவு வசதியான ஆட்டத்துல நாம என்ன பண்றோம்? ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச்ல கடைசி ஓவர் மாதிரி, வர்ற பந்தையெல்லாம் சுத்துறோம்.

போன ஜூலைல ஒரு தம்பி ஆஃபீஸுக்கு வந்தார். 26 வயசு, சிப்காட்ல வேலை. "ஃபார்ம் 16 மட்டும்தான் அண்ணா, அஞ்சு நிமிஷ வேலை"ன்னார். டிரேடிங் ஏதாவது உண்டான்னு கேட்டேன். "சும்மா கொஞ்சம் ஆப்ஷன்ஸ்" என்றார். ஸ்டேட்மென்ட்டை இறக்கிப் பார்த்தா நஷ்டம் ₹1,84,000. அதுல புரோக்கரேஜ், வரி, மற்ற கட்டணம் மட்டுமே ₹31,000. அக்கா கல்யாணத்துக்குன்னு ரெண்டு வருஷ போனஸை எடுத்து வச்சிருந்த பணம் அது. வீட்டுல இன்னும் சொல்லல.

அவரைத் திட்ட எனக்கு மனசு வரல, ஏன்னா அவர் தனி ஆள் இல்ல. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, மூணு நிதியாண்டுல எஃப்&ஓ பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேல. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பார்த்தவங்க வெறும் 1 சதவீதம். அடுத்த நிதியாண்டைப் பார்த்தப்பவும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான். நூத்துக்கு ஒம்பது பேர் ஜெயிக்கிற ஆட்டத்துல, நாம அந்த ஒம்பதுல ஒருத்தர்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை!

சரி, தம்பியோட அஞ்சு நிமிஷ வேலை ஐடிஆர்-3 ஆயிடுச்சு. இதை நோட் பண்ணிக்கோங்க. எஃப்&ஓ நஷ்டம் பிசினஸ் நஷ்டம். சம்பளத்துல கழிக்க முடியாது. ஆனா கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா, 8 வருஷம் வரைக்கும் கொண்டுபோய் பின்னால வர்ற பிசினஸ் லாபத்துல கழிச்சுக்கலாம். வெட்கப்பட்டு மறைச்சா அந்த வாய்ப்பும் போச்சு.

பந்து மார்க்கெட்ல இருந்து மட்டும் வர்றது இல்ல. "உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு லோன் ரெடி"ன்னு ஒரு மெசேஜ், அது ஒரு பந்து. "இன்னும் ரெண்டு மணி நேரம்தான் ஆஃபர்", அது இன்னொரு பந்து. நம்ம ஊர்ல வேற, பெங்களூரு பக்கத்துலயே இருக்கு. ஓசூர் வாடகையில குடியிருந்து மிச்சம் பிடிக்கிறதை, சனிக்கிழமை அத்திப்பள்ளி தாண்டிப் போய் கோரமங்களாவுல கொட்டிட்டு வர்றோம். அப்புறம் மாசக் கடைசியில "சம்பளம் பத்தல சார்".

நானும் யோக்கியன் இல்ல. நோ காஸ்ட் இ.எம்.ஐ-ல ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கினேன். வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுட்டாங்க, ஆனா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிராசசிங் ஃபீஸும் பில்லுல தனியா வந்துச்சு. ஊருக்கே கணக்கு சொல்ற ஆடிட்டர், சின்ன எழுத்தைப் படிக்கல. இப்போ அதுல வெங்காயம் இருக்கு.

அப்போ எந்தப் பந்தைத்தான் அடிக்கிறது? நம்ம மாவட்டத்துலயே ரெண்டு உதாரணம் இருக்கு. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல ஆரம்பிச்ச டைட்டன், ஓசூர்ல வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்சது. டிட்கோ கையில இன்னைக்கும் சுமார் 28 சதவீதப் பங்கு இருக்கு. நடுவுல எத்தனையோ ஆட்சி மாறியும் அந்தப் பங்கு அங்கேயே இருக்கு. இன்னொண்ணு போச்சம்பள்ளி பக்கம் ஃபேக்டரி வச்சிருக்கிற ஓலா எலக்ட்ரிக். 2024 ஆகஸ்ட்ல ₹76-க்கு லிஸ்ட் ஆச்சு, ரெண்டே வாரத்துல ₹157 தொட்டுச்சு, நவம்பர்ல 76-க்கும் கீழ. "நம்ம ஊரு கம்பெனி மச்சி"ன்னு 150-ல குதிச்சவங்க நிறையப் பேர்.

டைட்டன் நல்லது, ஓலா கெட்டதுன்னு நான் சொல்லல. நான் செபி-ல பதிவு பண்ணின ஆலோசகரும் இல்ல, எதையும் வாங்கவோ விற்கவோ சொல்லல. பிடிச்சு வச்ச எல்லாமே டைட்டன் ஆகாதுன்னும் தெரியும். நான் கேட்கிறது ஒண்ணுதான். அந்தப் பந்து உங்க கட்டத்துக்குள்ள வந்ததா, இல்ல பக்கத்து சீட்டுக்காரர் சுத்தினார்னு நீங்களும் சுத்தினீங்களா?

சம்பள ஆளுக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பெரிசு இல்ல. ஆறு மாச செலவுக்குக் கையிருப்பு, ஒரு டேர்ம் பாலிசி, ஒரு ஹெல்த் பாலிசி, சம்பளம் வந்த மறுநாளே போற எஸ்ஐபி. இது நாலும் முடியாத வரைக்கும் மத்தது எல்லாம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியதான். பேசாம விடுங்க.

அந்தத் தம்பி போன மாசம் போன் பண்ணார். டிரேடிங் ஆப்பை அழிச்சுட்டாராம், வீட்டுலயும் சொல்லிட்டாராம். அப்பா ரெண்டு நாள் பேசலயாம். மூணாவது நாள், "சரி, கல்யாணத்துக்கு இன்னும் எவ்வளவு சேர்க்கணும்"னு கேட்டாராம். இப்போ ரெண்டு பேருமா உட்கார்ந்து கணக்கு போடுறாங்க.

இந்த வாரம் நீங்க எந்தப் பந்தை விட்டீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அடுத்த வீடியோல பார்க்கலாம்.