முழங்காலுக்கு அரைப்பேர்

மரதன் ஓட்டத்துக்கு அடுத்த நாள் காலையில் லயத்துப் படிக்கட்டுப் பக்கம் நின்று பார்த்தால் போதும், யார் ஓடினார்கள், யார் ஓடவில்லை என்று சொல்லிவிடலாம். ஓடாதவர்கள் சும்மா இறங்கிப் போவார்கள். ஓடினவர்கள் பக்கவாட்டில், நண்டு மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். ஏறும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் முழங்கால் சில்லுக்குப் பின்னால் மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கும்.

மரதன் என்றதும் 42.195 கிலோமீற்றர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ரோட்டில் ஓடுகிற எல்லா ஓட்டமும் மரதன்தான். கோயிலடியில் தொடங்கி, ஸ்டோரைச் சுற்றி, மெயின் ரோட்டுக்கு இறங்கி, திரும்ப ஏறி வருவது. முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால்தான் எல்லாருக்கும் ஓட்டம் ஞாபகம் வரும். வருஷம் முழுக்க ஓடாத பிள்ளைகள் அந்த இரண்டு கிழமையும் காலையும் பின்னேரமும் ஓடுவார்கள். பரிசளிப்பில் பேசுகிறவர்கள் கட்டாயம் சுசந்திகாவைச் சொல்வார்கள்: கேகாலை மாவட்டத்தில் பிறந்த பெண், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர், முதலில் வெண்கலம், பிறகு அது வெள்ளியானது. அந்தப் பதக்கத்துக்கு முன்னால் எத்தனை வருஷப் பயிற்சி இருந்தது என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், ஒருத்தி கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டம். இப்போது ஒரே கலைப்பீடத்தில் படிக்கிறோம். காலையில் ஒன்றாக ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, மூன்று பேருமே ஸ்கூல் காலத்து முழங்கால் வலியோடுதான் கம்பஸ் வந்திருக்கிறோம் என்று. நாங்கள் மருத்துவபீடம் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

மூன்று பேருக்கும் ஊரில் கிடைத்த வைத்தியம் இரண்டே இரண்டு. ஒன்று, "தாங்கிக்க, போட்டி முடியட்டும்." மற்றது, "ஓடினது போதும், நிப்பாட்டு." முதலாவதைச் சொன்னவர்கள் மைதானத்தில் இருந்தார்கள், இரண்டாவதைச் சொன்னவர்கள் வீட்டில். ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத் தைலம் தேய்த்து முதலாவது, பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவது. எங்களில் ஒருத்திக்குப் பதினைந்து வயதில் வீட்டில் சொன்னது இது: "முட்டி போயிருச்சுன்னா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" அந்த வருஷம் வலய மட்டப் போட்டிக்கு அவள் பெயர் போயிருந்தது. அவள் போகவில்லை.

இந்த இரண்டு பதிலும் பிழை என்பதுதான் எங்கள் வாதம். பிழை மட்டுமில்லை, சரியான பதில் ஒன்று இருப்பதே தெரியாமல் அவை எங்களை வைத்திருக்கின்றன.

முழங்கால் சில்லு தொடையெலும்பின் கீழ்முனையில் இருக்கிற ஒரு பள்ளத்தில் வழுக்கி ஏறி இறங்குகிறது. அதை இழுத்துப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. சரிவில் இறங்கும்போது அந்தத் தசைதான் பிரேக். இரத்தினபுரி ரோட்டில் லொறி இறங்கும்போது பிரேக் சூடாகி வாடை வருமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். பழக்கமில்லாத தசை, திடீரென்று கூடின தூரம், அதில் பாதி இறக்கம். சில்லைச் சுற்றி அமுக்கம் கூடும், வலிக்கும். படி இறங்கும்போது, குந்தும்போது, பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் கால் மடக்கி இருந்துவிட்டு எழும்பும்போது வலித்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உலகம் முழுக்க ஓடுகிறவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருகிற வலி. கால் 'போய்விட்டது' என்று அர்த்தமில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வேறு. அது வளர்கிற வயதில் வருவது. ஓட்டத்தையும் பாய்ச்சலையும் கொஞ்சம் குறைத்தால் அநேகமாக வளர்ந்ததும் அடங்கிவிடும்.

நிப்பாட்டு என்று சொல்கிறவர்கள் காட்டுகிற சாட்சி அம்மாயியின் கால். எங்கள் கேகாலைக்காரியின் அம்மாயி இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியுமுன் சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி, குனிந்து வெட்டி, பிறகு பால் வாளியைச் சுமந்து வந்தவர். இப்போது முழங்கால் இரண்டும் வீங்கி, சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். "என் முட்டியப் பாத்துக்கிட்டுமா ஓடுற?" என்று பேத்தியைக் கேட்டார். வேடிக்கை என்னவென்றால் அம்மாயி வாழ்க்கையில் ஒரு போட்டியிலும் ஓடினதில்லை.

ஓட்டம் முழங்காலைத் தேய்த்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு 3.5 வீதம். ஓடாமல் இருக்கிறவர்களில் 10.2 வீதம். போட்டிக்காகவே ஓடுகிறவர்களில் 13.3 வீதம். அளவு மீறினால் கூடும் என்பதையும் அந்தக் கடைசி எண் சொல்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காகக் குந்துவதும் குனிவதும் பாரம் சுமப்பதும் முழங்காலைக் கெடுக்கும் என்பது வைத்தியத்தில் பழைய செய்தி. பேத்தி ஐந்து கிலோமீற்றர் ஓடுவதைப் பார்த்துப் பயப்படுகிற ஊர், அம்மாயி பாரம் சுமந்து மலை இறங்கினதைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானபோது பல தேயிலைத் தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்துக் கிலோவையும் கூட்டினார்கள். அந்தக் கிலோவும் முழங்கால் வழியாகத்தானே இறங்குகிறது?

இன்னொரு கால்களையும் பார்க்கலாம். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 72.

சரி, அப்ப என்னதான் செய்வது? தோட்டத்தில் அரைப்பேர் என்று ஒரு சொல் இருக்கிறது. கொடுத்த கிலோ எடுக்காவிட்டால் முழு நாளுக்குப் பேர் விழாது, பாதிதான் விழும். எங்கள் அம்மாமாருக்கு அது வயிற்றெரிச்சல். ஆனால் வலிக்கிற முழங்காலுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்ல எங்களுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை. முழு லீவும் வேண்டாம், முழுப்பேரும் வேண்டாம். அரைப்பேர் கொடுங்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். தூரத்தைப் பாதியாக்கினோம். இறக்கத்தில் ஓடுவதை விட்டு நடந்தோம். வலியைப் பத்துக்கு எண்ணினோம்: இரண்டு, மூன்றுக்குள் நின்று, அடுத்த நாள் காலையில் அடங்கியிருந்தால் அப்படியே தொடர்வது. அதற்கு மேலே போனால் அடுத்த முறை குறைப்பது. எட்டு நீளமாக வைக்காமல் குட்டையாக, கொஞ்சம் கூடுதலான எட்டுகளாக வைத்தோம். இதைக் கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் நிமிஷத்துக்கு ஐந்து முதல் பத்து வீதம் எட்டு கூடினாலே முழங்காலில் விழுகிற சுமை குறைகிறது. பிறகு கிழமைக்கு மூன்று நாள் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி. படியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை மெதுவாகக் கீழே தொட்டு எடுப்பது, அரைகுந்து, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பக்கமாகப் படுத்துக் காலைத் தூக்குவது. காசு செலவில்லை. லயத்தில் வேறு எதற்குக் குறை இருந்தாலும் படிக்கட்டுக்குக் குறையில்லை. ஆனால் இரண்டு நாளில் சுகமாகும் என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது, ஒருத்திக்கு மூன்று.

எல்லா வலிக்கும் இது மருந்தில்லை. விழுந்த கையோடு முழங்கால் வீங்கினால், மடக்கின கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று மடங்கினால், பாரம் வைக்க ஏலாவிட்டால், காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக இருந்தால், இராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி என்றால், தைலமும் பெனடோலும் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இரத்தினபுரி, கேகாலை பெரிய ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசும் இல்லை. ஆனால் போய்வர ஒரு நாள் பேர் போகும். எங்கள் வீடுகளில் 'தாங்கிக்க' என்பது எங்கே இருந்து வந்தது என்று யோசித்தால் இங்கேதான் வந்து நிற்கிறது. நாட்சம்பளக்காரருக்கு ஓய்வு என்றால் அன்றைய சம்பளம் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே பிள்ளையின் முழங்காலையும் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பாடசாலைகளைக் குறை சொல்ல வரும். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் தொடங்குகிற பயிற்சியை டிசம்பர் லீவிலேயே மெதுவாகத் தொடங்க என்ன தடை? முதல் கிழமை நடையும் ஓட்டமும் கலந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். பாதையை அளந்து வைக்கும்போது கடைசி இறக்கத்தை எடுத்துவிட்டால் மரதனின் மானம் போய்விடாது. வலிக்கிறது என்று ஒரு பிள்ளை வந்தால், "எங்க வலிக்குது, எப்ப வலிக்குது?" என்று இரண்டு கேள்வி கேட்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் அந்த நாலு பயிற்சியைப் படமாக ஒட்டி வைக்கலாம். மலைக்குப் போகிறவர்களுக்கும் உதவும், ஏனென்றால் மூட்டுத் தேய்வுக்கும் வைத்தியர்கள் சொல்வது கிட்டத்தட்ட இதே மாதிரியான தசைப் பயிற்சிதான். சுமக்கிற கிலோவைக் குறைக்காமல் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது அரைகுறை வேலை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

போன லீவுக்குப் போனபோது அம்மாயி வாசலில் இருந்து பேத்தி படியில் காலைத் தொட்டுத் தொட்டு எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "இது என்னாடி கூத்து?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு நிக்க ஏலாது, ஒக்காந்துகிட்டுச் செய்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றாராம். பலகைக் கட்டையில் உட்கார வைத்து, காலை நீட்டித் தூக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னாள். எட்டுத் தடவை தூக்கினார். பத்து என்று சொன்னதற்கு, தேத்தண்ணி ஆறுது, மிச்சம் நாளைக்கு என்று எழும்பிவிட்டாராம்.