வெயிலில் நிற்கும் வரிசை



கடந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். கத்திரி வெயில், பள்ளி விடுமுறைக் கூட்டம் வேறு. ராட்டினத்துக்கு நின்ற வரிசையின் மேல் தகரக் கூரைகூட இல்லை. தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே குடிநீர்க் குழாயைத் தேடி அலைந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி தலைசுற்றிச் சரிந்தபோது என் கணவர்தான் தாங்கிப் பிடித்தார். முதலுதவிக்கு ஆள் வர வெகுநேரம் ஆனது.

கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது, அதனால் உடல் சூடும் தணியாது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்திருக்கிறது. அப்படியிருக்க, காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களை உச்சி வெயிலில், அதுவும் கைக்குழந்தைகளோடு, வெட்டவெளியில் நிறுத்துவது அநியாயம்.

வரிசைக்கு நிழலும் இலவசக் குடிநீரும் இல்லாத பூங்காக்களுக்கு உரிமம் தரக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். அடுத்த கோடைக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகி, சென்னை