பேரைப் பார்த்து வாங்காதீங்க, குப்பையைப் பார்த்து வாங்குங்க



மூணு வாரமா நம்ம வாட்சாப் குழுவுல ஒரே பேச்சு, எந்த வேக்கும் வாங்கறதுன்னு. ஒருத்தர் டைசன்ங்கறார், ஒருத்தர் கார்ச்சர்ங்கறார், இன்னொருத்தர் "எங்க வீட்டுல பானசோனிக் பத்து வருஷமா ஓடுது"ன்னு படம் அனுப்பறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல முடிவு எடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி என் மனசுல உள்ளதைச் சொல்லிடறேன். யாரும் கோவிச்சுக்காதீங்க.

முதல்ல என் தப்பைச் சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 1,850 வெள்ளிக்கு ஒரு வேக்கும் வாங்கினோமே, அதுக்கு முதல்ல கை தூக்கினவன் நான்தான். நல்ல பேர், பளபளன்னு இருந்துச்சு, தூக்கிட்டேன். நாலே மாசத்துல புகை வந்துச்சு. கடைக்குக் கொண்டு போனா, "இது வீட்டு உபயோகத்துக்கு உள்ள மெஷின், கோயில் மண்டபத்துல ஓட்டினா வாரண்டி இல்லை"ன்னுட்டாங்க. வாரண்டி புத்தகத்துல சின்ன எழுத்துல அப்படித்தான் இருந்துச்சு. நாங்க யாருமே படிக்கலை. அது பக்தர்கள் உண்டியல்ல போட்ட காசு. இன்னிக்கும் ஸ்டோர் ரூம்ல பழைய குடைங்களுக்குப் பக்கத்துல அது கிடக்கறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

அதை நான் கழட்டிப் பார்த்தேன். ஃபில்டர்ல விபூதி சிமெண்ட் மாதிரி அப்பிக் கெட்டியாகிப் போயிருந்துச்சு. அந்த மாதிரி மெஷின்ல உறிஞ்சற காத்துதான் மோட்டாரையும் குளிர வைக்குது. ஃபில்டர் அடைச்சா காத்து இல்லை, காத்து இல்லைன்னா மோட்டார் சூடாகி எரியும். மெஷின் மேல தப்பு இல்லைங்க. தப்பான இடத்துக்கு அதை வாங்கினது நம்ம தப்பு.

இப்ப திரும்பவும் அதே கதைதான் நடக்குது. "உபயக்காரர் பெரிய பிராண்டுதான் கொடுப்பேங்கறார், கொடுக்கறதை வேண்டாம்னு சொல்லலாமா?"ன்னு கேக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன். அம்பாளுக்குப் புடவை சாத்த வர்றவங்ககிட்ட எத்தனை முழம், என்ன கலர்னு நாம சொல்றது இல்லையா? அன்னதானத்துக்கு அரிசி தர்றவங்ககிட்ட எந்த அரிசின்னு சொல்றது இல்லையா? வேக்குமுக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கணும்? உபயம் அவருடையது, உபயோகம் நம்முடையது.

நான் முப்பது வருஷமா ஃபேக்டரியில இருக்கறவன். பெரிய படிப்பு இல்லை, எஸ்பிஎம் தான். ஆனா ஒரு மெஷின் வாங்கணும்னா முதல்ல அது செய்யப்போற வேலையை எழுதுவோம், பிராண்ட் அப்புறம்தான். நம்ம கோயில் வேலையை எழுதிப் பாருங்க. விபூதி, குங்குமம், அரிசி, பூ இதழ், சூடக் கரி, எண்ணெய்ப் பிசுக்கு, அபிஷேகத் தண்ணி, ஹோமச் சாம்பல். எந்த வீட்டுல இப்படி ஒரு குப்பை இருக்கு?

இப்ப பிராண்டுக்கு வாங்க. டைசன் நல்ல கம்பெனிதான். 2002-லேயே இங்கிலாந்துல இருந்து தயாரிப்பை நம்ம மலேசியாவுக்குக் கொண்டு வந்தவங்க. ஆனா நம்ம குழுவுல போட்ட படம் வயர் இல்லாத, கையில பிடிக்கற மாடல். வீட்டுக்கு அருமை. அட்டையில போட்டிருக்கற நிமிஷம் மெதுவா ஓடும்போது உள்ள கணக்கு. முழு வேகத்துல வச்சா பேட்டரி கொஞ்ச நேரந்தான் தாங்கும். திருவிழா முடிஞ்ச ராத்திரி மண்டபம் முழுக்க யார் சார்ஜ் போட்டுப் போட்டுக் கூட்டறது? தண்ணியும் அதுல உறிஞ்சக் கூடாது.

ஜெர்மனி கார்ச்சர், டென்மார்க் நில்ஃபிஸ்க் மாதிரி கம்பெனிகள்ல ஈரம், காய்ஞ்சது ரெண்டும் உறிஞ்சற டிரம் மாடல் இருக்கு. அழகு கிடையாது, சத்தம் கூட. ஆனா அந்த வகையில நிறைய மெஷின்ல மோட்டாருக்குத் தனிக் காத்து வழி இருக்கும், பை போட்டும் ஓட்டலாம். அதுக்காகக் கார்ச்சர்னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. அவங்களே சாம்பலுக்குன்னு தனி மாடல் விக்கறாங்க. ஒரே பேர்ல வீட்டு மெஷினும் இருக்கும், வேலை மெஷினும் இருக்கும். அதனாலதான் சொல்றேன், பேரைப் பார்க்காதீங்க.

"2000 வாட்ஸ், பவர் அதிகம்"னு ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, வாட்ஸ் அது இழுக்கற கரண்டு, குப்பையை இழுக்கற சக்தி இல்லை. ஐரோப்பாவுல 2017-லிருந்து வீட்டு வேக்குமுக்கு 900 வாட்ஸுக்கு மேல விக்கக் கூடாதுன்னு சட்டம். அங்க வீடுங்க என்ன அழுக்காவா கிடக்கு? கிலோபாஸ்கல்ல உறிஞ்சும் அழுத்தம் எவ்வளவு, ஒரு செகண்டுக்கு எத்தனை லிட்டர் காத்து போகுது, ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு முக்கியம். பை இல்லாத மெஷினைக் கொட்டறது யார்? கமிட்டிக்காரங்க இல்லை. தினம் காலையில அஞ்சரைக்கு வந்து கூட்டற அக்காதான். டப்பாவைத் திறந்ததும் விபூதி மூஞ்சியில அடிக்கும். ஏற்கெனவே அவங்க இருமறது கருவறை வரைக்கும் கேக்குது. பை இருந்தா அப்படியே கட்டித் தூக்கிப் போடலாம். ஃபில்டர்ல ஹெப்பா எச்13 இருக்கான்னு கேளுங்க. அது அடங்காத நுண்தூசியையும் 99.95 சதவீதம் பிடிக்கும். பை, ஃபில்டருக்கு மாசம் கொஞ்சம் காசு ஆகும்தான். அந்த அக்கா நெஞ்சை விடவா அது பெருசு?

"விளக்குமாறு போதும், நம்ம முன்னோர் வேக்கும் வச்சிருந்தாங்களா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, திருக்கோயிலைக் கூட்டறது பெரிய தொண்டு, நான் மறுக்கலை. ஆனா அன்னிக்கு ஊரே சேர்ந்து கூட்டுச்சு. இன்னிக்கு அறுபது வயசு தாண்டின ஒருத்தர் தனியாக் கூட்டறாங்க. நாளைக்கு நாலு பேர் வந்து விளக்குமாறு பிடிங்க, இந்தப் பதிவை நானே அழிச்சிடறேன்.

அதனால ஞாயிற்றுக்கிழமை நான் கேக்கப் போறது இதுதான்:

1. மூணு கடையில விலை வாங்குங்க. கோயில் உபயோகத்துக்கு வாரண்டி உண்டுன்னு எழுத்துல வாங்குங்க. சிரிம் லேபிள் ஒட்டியிருக்கான்னு பாருங்க.

2. ஒரு கிலோ விபூதி, ஒரு பை பூ, ஒரு வாளி தண்ணி எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போவோம். நானே தூக்கிட்டு வர்றேன். விபூதியில பத்து நிமிஷம் ஓட்டி, ஆரம்பத்துலயும் முடிவுலயும் குழாய்ல கை வச்சுப் பார்ப்போம். இழுப்பு குறைஞ்சா வேண்டாம். "டெஸ்ட் பண்ண முடியாது"ன்னா அடுத்த கடை.

3. மெஷினை அந்த அக்கா கையில கொடுத்துத் தூக்கச் சொல்லுங்க. அவங்க சரின்னாதான் காசு கட்டணும்.

4. ஹோமச் சாம்பல் பக்கம் எந்த மெஷினும் போகக் கூடாது. மேல ஆறின மாதிரி இருக்கும், அடியில தணல் மறுநாள் வரைக்கும் கூடக் கிடக்கும். நெருப்பு பிடிச்சா மண்டபமே போயிடும். இரும்பு வாளியில அள்ளுங்க.

உபயக்காரர் பேரை நோட்டீஸ் போர்டுல பெருசாப் போடுவோம், மாலை போடுவோம், பிரசாதம் கொடுப்போம். ஆனா மெஷினை வேலை தேர்ந்தெடுக்கட்டும். இன்னொரு 1,850 வெள்ளி அந்தக் குடைங்களுக்குப் பக்கத்துல போய்ப் படுக்க வேண்டாம்.

ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் கூட்டம். கீழ கமெண்ட்ல திட்டறவங்க நேர்ல வந்தும் திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா வாங்க. தப்பா ஏதும் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க.

ஓம் சக்தி.