சீனி அறிக்கையும் சோகையும்

திருக்கோவிலை அண்டிய வினாயகபுரத்தில் வசிக்கும் என் உறவுக்காரப் பெண்ணொருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்து, "எனக்கும் சீனி வந்திட்டு அண்ணன்" என்று அழுதார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. தனியார் ஆய்வுகூடமொன்றில் செய்த எச்பிஏ1சி பரிசோதனையின் பெறுபேறு 6.6 சதவீதம். 6.5 அல்லது அதற்கு மேல் எனில் நீரிழிவு எனக் கொள்ளலாமென்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் கூறியிருக்கிறது. அவர் சோற்றைக் குறைத்தார். பாவற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கினார்.

ஆனால் சாப்பிடாமல் எடுத்த குருதியில் சீனி 94தான். ஈமோகுளோபினோ 8.2 கிராம். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே சோகை. இவ்விரு எண்களையும் எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எச்பிஏ1சி அளப்பது, ஈமோகுளோபினில் ஒட்டியுள்ள சீனியை. செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. நாள் செல்லச் செல்ல அதில் சீனி படிந்துகொண்டே போகும். இரும்புச்சத்துக் குறைந்தால் புதிய செங்குழியங்களின் உற்பத்தி தளர்ந்து, பழையவற்றின் பங்கு கூடிவிடுகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆக, குருதியில் சீனி கூடாமலே அறிக்கையில் எண் கூடலாம். மறுபுறமும் உண்டு. குருதிப் பெருக்கு, செங்குழியங்கள் விரைவில் சிதையும் நோய்கள் ஆகியவற்றில் எண் குறைந்து, உண்மையான நீரிழிவு மறைந்துவிடும். அது இன்னும் ஆபத்தானது.

மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவங்கள், சோறு உண்ட கையோடு இரும்பை உறிஞ்சவிடாத பிளேன்ரீ என்று நம் கரையோரப் பெண்கள் இரும்பை இழக்க வழிகள் பல. எனவே எச்பிஏ1சி எழுதும் கை முழுக்குருதிப் பரிசோதனையையும் எழுதவேண்டும்; சோகை இருந்தால் வெறுவயிற்றுச் சீனி, குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்திவிடவேண்டாம்.

வைத்தியரிடம் இரண்டு அறிக்கைகளையும் ஒன்றாகக் காட்டும்படி சொன்னேன். சோகைக்குக் காரணம் அதிக மாதவிடாய்ப் போக்கு எனக் கண்டு, அதற்கும் சிகிச்சையளித்து இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதங்களின் பின் ஈமோகுளோபின் 12.1, எச்பிஏ1சி 5.6.

பாவற்காய்ச் சாறு குடித்துச் சீனி மாறிவிட்டதென்று இப்போது அயலில் பேச்சாம். இரண்டு வீடுகளில் சாறு பிழியத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.