"12 மாதமும் நக்கிள்ஸ்" என்று விற்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படாமல் வாசியுங்கள்.

இந்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார்கள். நக்கிள்ஸில் கேம்பிங், டென்ட், பாபிகியூ, வருடம் முழுவதும் போகலாமாம். "சேர், ஸ்கூலால போவமா?" என்று கேள்வி வேறு.

வருடம் முழுவதும் என்பது விற்பவரின் கணக்கு. மலைக்கு வேறு கணக்கு. தென்மேல் பருவமழை ஒரு பக்கச் சரிவில் கொட்டும், வடகீழ் மழை மறுபக்கம். இடையில் ஒக்டோபர், நவம்பரும் சும்மா இருக்காது. ஈர மண்ணில் முப்பது பேர் வரிசையாக ஏறினால் அந்தப் பாதை அடுத்த மழைக்கு ஓடைதான்.

பிட்டவல பத்தனையைப் பாருங்கள். பாறைக்கு மேல் மெல்லிய மண், அதற்கு மேல் புல். மண் போனால் புல்லும் போச்சு. அங்கே நீர் வழியும் பாறைகளில் ஒட்டி வாழும் ஒரு தவளை இருக்கிறது. இந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. நாங்கள் அந்த ஓடைகளில் ஷாம்பு போட்டுக் குளிக்கிறோம்! அதே தண்ணீர்தான் அம்பன் கங்கையில் சேர்ந்து மொரகஹகந்தவுக்கும் பொலன்னறுவை வயலுக்கும் போகிறது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று அறிவித்தது செல்ஃபி எடுக்க இல்லை.

எங்கள் ஆட்களையும் சொல்லத்தான் வேண்டும். பெருநாளைக்கு மறுநாள் வேன், ஸ்பீக்கர், புரியாணிச் சட்டி, திரும்பும்போது புல்லில் லன்ச் ஷீட். நானும் பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் போனவன்தான். ரிவர்ஸ்டன் காற்று எங்கள் பொலித்தீன் பையைப் பறித்துக்கொண்டு போனபோது கைதட்டிச் சிரித்தோம். இப்போது வெட்கமாக இருக்கிறது.

"மீமுரே சனங்களின் வருமானம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் டென்டும் சாப்பாடும் டவுனிலிருந்தே கொண்டுவரும் கூட்டத்தால் அந்த வீடுகளுக்கு என்ன மிஞ்சுகிறது? குப்பைதான். வீட்டில் தங்குங்கள், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள்.

மலைக்கு லீவு கொடுப்பது புதுமையும் இல்லை. பாவா ஆதம் மலைக்கு டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைதான் சீசன். வறட்சி வந்தால் யாலவின் ஒரு பகுதியை மூடுகிறார்கள். நக்கிள்ஸை மட்டும் ஏன் மழை மாதங்களில் மூட முடியாது?

பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். மார்ச்சில் போவோம், ஒரு பகல் மட்டும், டென்ட் இல்லை. வேன்காரரிடம் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.