கேட்டவுடன் தருகிறேன்

என் நண்பர் ஒருவர் எங்கள் ஊரில் அச்சுக்கூடம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தகம், பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் எல்லாம் அவரிடந்தான் அச்சாகின்றன. சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். அப்பேர்ப்பட்டவர் சென்ற மாதம் ஒரு நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அரைமணி நேரம் வாய் திறவாமல் இருந்தார். காப்பி ஆறிப் போயிற்று. பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பாங்கியிலிருந்து வந்த கடிதம். கணக்கில் நிற்கும் 18 லட்ச ரூபாய்ச் சொச்சத்தையும் வட்டியையும் 60 நாட்களுக்குள் கட்டவேண்டும்; தவறினால் ஈடு வைத்த சொத்தின் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கண்டிருந்தது. ஈடு வைத்த சொத்து என்பது அவர்கள் குடியிருக்கும் வீடு.

"திடீரென்று தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள், ஸார்!" என்றார்.

நான் தேதியைப் பார்த்தேன். கடிதம் வந்து 38 நாட்கள் ஆகியிருந்தன. "வீட்டில் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீடு அவருடைய மனைவியின் பெயரில் இருப்பது. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவரும் அந்த அம்மாள்தான். ஆகவே அவர் பெயருக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதையும் இவரே தபால்காரரிடம் வாங்கி, அச்சுக்கூடத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறார்!

பரீட்சைக்குப் போகும் பையன்களுக்கு நான் சொல்லும் உபதேசம் ஒன்றுதான்: கேள்வியை இரண்டு முறை படி, பிறகு பேனாவை எடு. அதையே நண்பருக்கும் சொன்னேன். கடன் வாங்கியபோது எழுதிக்கொடுத்த பத்திரத்தை அவர் அன்றிரவுதான் முதன்முதலாக முழுதும் படித்தார்.

பாங்கிக் கடனில் இரண்டு விதம் உண்டு. இயந்திரம் வாங்கவும் கட்டடம் கட்டவும் தருவது தவணைக் கடன். தவணை தவறாத வரையில் சாதாரணமாக அதை முழுதும் திருப்பிக் கேட்பதில்லை. தினசரி வியாபாரத்துக்கு ஒரு வரம்பு வைத்து, எடுக்கவும் கட்டவும் விடுவது 'காஷ் கிரெடிட்'. இந்த இரண்டாவது வகையில், 'கேட்டவுடன் திருப்பித் தருகிறேன்' என்ற ஷரத்து இருக்கும். கணக்கில் 90 நாட்கள் தொடர்ந்து பணமே வரவு வைக்கப்படாவிட்டாலும், கடன் வரம்புக்கு மேலேயே நின்றாலும் அதை வாராக் கடன் என்று ஒதுக்கிவிடுவார்கள். நண்பரின் கணக்கு ஐந்து மாதமாக வரம்புக்கு மேல் நின்றது. கடிதம் திடீரென்று வந்திருக்கலாம். காரியம் திடீரென்று வரவில்லை.

பாங்கிக்காரர்களை ராக்ஷஸர்கள் என்று எண்ணவும் வேண்டியதில்லை. 1906-ம் வருஷத்தில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதை நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த அனுபவத்தின் மேல்தான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியவர்களின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கி தோன்றியது. பாங்கி கடன் கொடுக்கும் பணம் யாரோ ஒரு வாத்தியார் மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த பணம். அதை அவர்கள் திருப்பிக் கேட்பது நியாயமே.

ஆனால் கேட்பதற்கும் முறை உண்டு. 2002-ம் வருஷத்துச் சட்டப்படி, ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றுமுன் 60 நாள் கெடு கொடுத்து, எவ்வளவு பாக்கி, எந்தச் சொத்து என்று விவரமாக எழுதவேண்டும். கடன்காரர் ஆட்சேபம் எழுதினால் அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் 15 நாட்களுக்குள் காரணம் சொல்லவேண்டும். பிறகும் சொத்தின் மேல் கை வைத்தால், அதிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோயமுத்தூர், மதுரை மூன்று நகரங்களிலும் அது இருக்கிறது. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. கெடுவுக்குள் ஈட்டுச் சொத்தை ரகசியமாக விற்பதும் கூடாது. பாங்கியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

இதைவிட முக்கியமானது, கெடு வருமுன் செய்யக்கூடியது. பதிவு செய்த சிறு தொழில்கள் தொல்லையில் அகப்பட்டால், 25 கோடி ரூபாய் வரையுள்ள கடன்களுக்குப் பாங்கியிலேயே ஒரு கமிட்டி கூடி, புனரமைப்புக்கு வழி பார்க்கவேண்டும் என்று 2015-ல் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் கணக்கு கெடுவதற்கு முன்பே தொழில் நடத்துபவரும் விழிப்போடு கேட்கவேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெட்கப்பட்டு மௌனமாயிருப்பவருக்கு அந்தக் கதவு மூடிக்கொள்கிறது.

மறுநாள் காலையில் நண்பர் டிராயரைத் திறந்து இரண்டு கடிதங்களையும் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அழவில்லை. "வரவேண்டிய பாக்கியெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பேரேட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தோம். ஏழு லட்சத்துக்கு மேல் வெளியே நின்றது. பெயர்களை அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். அங்கே எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது. ஆறு மாதத்துப் பரீட்சைத் தாள் பாக்கி!

சிறு தொழிலாகப் பதிவு செய்தவரிடம் சரக்கு வாங்கினவர், எந்தத் தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதை நான் எங்கள் நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்ல நேர்ந்தது. அவ்வளவு ருசியான சம்பாஷணையாக அது இல்லை. ஆனாலும் செக்கு வந்தது.

கெடு முடியப் பத்து நாள் இருக்கையில் ஒரு வக்கீலைக் கொண்டு பாங்கிக்குப் பதில் எழுதினார்கள். கணக்கில் ஒப்புக்கொள்வது எது, ஆட்சேபிப்பது எது, எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று மூன்றே விஷயங்கள். வசூலான நாலு லட்சத்தையும் கட்டிவிட்டார்கள். வரம்புக்கு மேற்பட்ட பாக்கியையும் வட்டியையும் முழுதும் தீர்த்தால் கணக்கை ஒழுங்குபடுத்துவதைப் பற்றி யோசிப்பதாகப் பாங்கி பதில் எழுதியிருக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் அச்சுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் மறுபடி கேட்கிறது.

ஒரே ஒரு விஷயந்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை. கடன் வாங்கும்போது, "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று மனைவியை அழைக்கிறோம். கடிதம் வரும்போது அவளுக்குத் தெரியாமல் டிராயரைப் பூட்டுகிறோம். அந்த 38 நாட்களுக்கு வட்டி எவ்வளவென்று கணக்குப் போட்டுவிடலாம். அவற்றில் இழந்த வாய்ப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது?